பெட்ரோல் ஜீப் பிக்கப்புக்கு டீசல் இன்ஜின்: கிரவுனைத் தொடணுமா, வேணாமா?

லேத்துக்காரன்:
நேத்து அரிச்சல்முனை தம்பி இங்க ஒரு முத்து உதிர்த்திருக்கார். "பழைய ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை இறக்கு, மஹிந்திரா எம்.டி.ஐ. டீசலை ஏத்து, ஒரு நாள் வேலை, கிரவுன் பினியன் பக்கமே போகாதே." (கிரவுன் பினியன்னா ஆக்ஸில் நடுவுல இன்ஜின் சுத்தைக் குறைச்சு சக்கரத்துக்குக் குடுக்கற பல்சக்கர ஜோடி.) கீழ வரிசையா கைதட்டு. தட்டுனவங்கள்ல ஒருத்தராவது கணக்குப் போட்டீங்களா? ஹரிக்கேன் 2199 சிசி, முழு பவர் நிமிஷத்துக்கு 4000 சுத்துல. எம்.டி.ஐ. 2523 சிசி, 3200 தாண்டுனா சுத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் டீசலைக் குறைச்சிரும். வில்லிஸ் ஜீப் ஆக்ஸில்ல இருக்கறது 43க்கு 8, அதாவது கிரவுன்ல 43 பல்லு, பினியன்ல 8. 6.00-16 டயர் ஒரு உருட்டுக்கு ஏறக்குறைய 2.28 மீட்டர். டாப் கியர்ல பெட்ரோல் 4000ல 102 கி.மீ. வேகம், டீசல் 3200ல வெறும் 81. அதுக்கு மேல மிதிச்சா மேட் தான் தேயும். 39க்கு 8 போட்டா அதே 3200ல 90. மாத்தியே ஆகணும்.

அரிச்சல்முனை:
லேத்தண்ணே, 90ல எங்க போகப் போறீங்க, தலைமன்னாருக்கா? மீன் பெட்டியும் ஐஸும் ஏத்துற வண்டிக்கு 60 போதும். மணல்ல இழுக்கறது 43க்கு 8 தான். அதைப் புடுங்கிட்டு 39 போட்டா சக்கரம் புதைஞ்ச இடத்துலயே கிளட்ச் வாசம் வரும். கிரவுனைத் தொடாதீங்கன்னா தொடாதீங்க.

லேத்துக்காரன்:
மணலாம் மணல். டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (முன் பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கற பெட்டி) லோ கியர் எதுக்கு இருக்கு, சாவிக்கொத்து மாட்டவா? லோ 2.46, முதல் கியர் 2.8. 43க்கு 8ல மொத்தக் குறைப்பு 37. 39க்கு 8ல 33.6. மிதிக்காம ஐடிலிங் 800 சுத்துல 43 போட்டது மணிக்கு 3 கி.மீ., 39 போட்டது 3.3 கி.மீ. இந்த வித்தியாசத்துக்கா இவ்வளவு அழுகை? 39க்கு 8.

அரிச்சல்முனை:
மணல்ல லோ முதல் கியர்ல ஊர்றவன் புதைவான். லோ ரெண்டுல, காத்தை 15 பவுண்டுக்கு இறக்கி, வேகம் விடாம எடுக்கணும். இது லேத்து பெஞ்சுல உக்காந்து கணக்குப் போடறவங்களுக்குத் தெரியாது.

கீழக்கரை காக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. வண்டி ஓடப் போறது கிழக்குக் கடற்கரைச் சாலைலயா, மணல்லயா? எவ்வளவு லோடு? நாலு சக்கரமும் இழுக்குதா, பின்னாடி மட்டுமா? இது தெரியாம 43, 39ன்னு என்ன பேச்சு?

லேத்துக்காரன்:
காக்கா, எங்க ஓடினாலும் 39 தான்.

அரிச்சல்முனை:
காக்கா, எங்க ஓடினாலும் 43 தான்.

பாம்பன் காத்து:
கிரவுனை விடுங்கப்பா. ஒரு நாள் வேலைன்னு சொன்னதைத் தான் முதல்ல கேக்கணும். டீசலோட ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) முன் டிஃபரென்ஷியல் (முன் ஆக்ஸில்ல கிரவுன் இருக்கற உருண்டை) மேல வந்து உக்காரும். குழில இறங்கி ஸ்பிரிங் அமுங்குனா இரும்பும் இரும்பும் முத்தம் கொடுக்கும். சம்பை வெட்டி ஒட்டணும், இல்லைன்னா இன்ஜின் உக்கார்ற மவுண்டைத் தூக்கணும். தூக்குனா ஃபேன் ரேடியேட்டர் நடுவுக்கு வராது. முன் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூட்டணும். பெட்ரோலுக்குப் போட்ட மவுண்ட் ரப்பர் டீசல் உதறலுக்கு நாலு மாசம் தாங்காது, குறுக்குச் சட்டம் வெல்டு போட்ட இடத்துலயே விரியும். நம்ம உப்புக் காத்துல விரிசல்ல துரு ஏறினா அது வெளியே தெரியவே தெரியாது. இதெல்லாம் ஒரு நாளா?

அரிச்சல்முனை:
காத்தண்ணே, உங்களுக்கு ஸ்டாப் கேபிள் எதுக்குன்னாவது தெரியுமா? போன மாசம் ஒருத்தருக்கு "சாவியைத் திருப்பினா டீசல் நின்னுரும்"னு சொன்னது நீங்க தானே?

பாம்பன் காத்து:
சொலினாய்டு (சாவியை அணைச்சா டீசலை நிறுத்தற மின் வால்வு) இருக்கற பம்புன்னு சொன்னேன். பாதியை மட்டும் படிச்சா அப்படித்தான் தெரியும். பழைய பம்புக்கு இன்ஜினை நிறுத்தக் கேபிள் இழுக்கணும், யாரு இல்லைன்னது?

லேத்துக்காரன்:
சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. ஒரு நாள் வேலைங்கறவருக்கு நான் கேக்கறேன்: புது இன்ஜினையும் பழைய கியர்பாக்ஸையும் இணைக்கற அடாப்டர் பிளேட் எப்படி சென்டர் பண்ணுவீங்க? பெல் ஹவுசிங் (கிளட்சை மூடற கூடு) துளையும் கிராங்க் நடுவும் 5 தௌக்குள்ள (தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) நிக்கணும். டயல் கேஜை ஃப்ளைவீல்ல ஒட்டி ஒரு சுத்து சுத்திப் பார்க்கணும். கண்ணளவுல போல்ட் ஓட்டை போட்டா கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கும், பைலட் புஷ் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுனியைத் தாங்கற வளையம்) ஒரு மாசத்துல ஓவல், அப்புறம் டாப் கியர் தானா கழண்டு வரும். ஆளுங்க கியர்பாக்ஸைத் திட்டுவாங்க, குத்தம் தகட்டுல இருக்கும். அலுமினியத் தகடு கடலோரத்துல வேணாம், இரும்பு போல்ட் பக்கத்துல அது பொடியா உதிரும். சரி, இப்போ சொல்லுங்க, 43க்கு 8ஐ ஏன் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கீங்க?

மண்டபம் போட் மெக்கானிக்:
இவ்வளவு கணக்கு எதுக்கு? விசைப்படகுல லேலண்டு ஆறு சிலிண்டரே அசால்ட்டா ஓட்டுறோம். டீசல்னா டீசல் தான். இன்ஜின் இழுக்கும், கிரவுன் பார்க்காது.

லேத்துக்காரன்:
வந்துட்டாருய்யா. படகு இன்ஜின் ஒரே சுத்துல மணிக்கணக்கா நிக்கும், கியர் ஏத்தி இறக்கற வேலை இல்லை, குளிர வைக்க அடியில கடலே இருக்கு. ரோட்டுல பாம்பன் பாலத்துல எதிர்க்காத்து, அதுக்கு நடு நடுவுல பிரேக், கியர், மறுபடி மிதி. படகு பார்த்த கண்ணால ஜீப்பைப் பார்க்காதீங்க அண்ணே.

மண்டபம் போட் மெக்கானிக்:
தொண்டியில லேத்து வெச்சிருந்தா கடலைப் பத்திப் பேசலாமா? போன தடவை கீல் கூலர் (படகு அடியில கடல் தண்ணில இன்ஜினைக் குளிர வைக்கற குழாய்) பத்தி நீங்க எழுதுனதை இன்னும் மறக்கல.

லேத்துக்காரன்:
மறக்காதீங்க. சரியாத்தான் எழுதியிருக்கேன்.

அரிச்சல்முனை:
லேத்தண்ணே, ஒரு சந்தேகம். 39 போட்டா ஸ்பீடோமீட்டர் என்ன காட்டும்?

லேத்துக்காரன்:
அதுக்கென்ன இப்போ?

அரிச்சல்முனை:
ஸ்பீடோ கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து வருது. பின்னாடி பல்லை மாத்தினது அதுக்குத் தெரியாது. 60 காட்டும்போது வண்டி 66ல போகும். இவ்வளவு கணக்குப் போட்டவரு இதை விட்டுட்டீங்களே. இன்னொண்ணு, 7.00-16 டயர் போட்டா ஒரு உருட்டுக்கு 2.43 மீட்டர். 43க்கு 8லயே 3200ல 87 வந்துரும். கிரவுன் செலவு மிச்சம்.

லேத்துக்காரன்:
டயரைப் பெருசாக்கினா மட்டும் ஸ்பீடோ உண்மை பேசுமா? அதுவும் குறைச்சுத் தான் காட்டும். ஸ்டீயரிங் கனமாகும், முழுசா ஒடிச்சா ஸ்பிரிங்ல உரசும், அந்தச் சின்ன டிரம் பிரேக் பெரிய டயரை நிறுத்த இன்னும் திணறும். இத்தனையும் எதுக்கு? 39க்கு 8ஐ ஒத்துக்கக் கூடாதுங்கற வீம்புக்கு.

கீழக்கரை காக்கா:
கிரவுன் மாத்துறதுன்னா முன்னாடி பின்னாடி ரெண்டும் மாத்தணும்னு யாராவது எழுதுங்கப்பா. பின்னாடி மட்டும் 39 போட்டு முன்னாடி 43ஐ விட்டா, பின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது முன் சக்கரம் 90 மீட்டருக்கு மேல பிந்தி நிக்கும். மணல்ல சறுக்கித் தப்பிக்கும். தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டா முறுக்கு ஏறி டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு. செலவு ரெண்டு மடங்கு, ரெண்டு தடவை நீலச் சாயம் தடவி பல்லு எங்க உரசுதுன்னு பதிவு பார்க்கணும், ரெண்டு தடவை ஷிம் (இடைவெளி சரி பண்ற மெல்லிய தகடு) வைக்கணும். லேத்து தம்பி செலவைச் சொல்லவே மாட்டேங்கறார்.

லேத்துக்காரன்:
செலவைப் பத்தி யாரும் கேக்கல காக்கா. சரியா தப்பா தான் கேள்வி.

அரிச்சல்முனை:
நான் கேட்டேன்.

வாலிநோக்கம் வாசகன்:
ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றுல இருக்கற விவரம் தயாரிப்பாளர் முதல்ல சொன்னதுக்கு மாறிப் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019ல உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறா மாத்தறதை ஒத்துக்கல. ஆர்.சி.ல எரிபொருள் பெட்ரோல்னு இருந்து உள்ள டீசல் ஓடினா, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கை விரிக்கலாம். முதல்ல ஆர்.டி.ஓ. அனுமதியைக் கேளுங்க.

லேத்துக்காரன்:
அது வேற பேச்சு. இங்க கிரவுன்.

பாம்பன் காத்து:
அனுமதி வேற பேச்சு, சம்ப் வேற பேச்சு, செலவு வேற பேச்சு. உங்க 39 மட்டும் தான் பேச்சு. டேங்க்கைப் பத்தியாவது பேசலாமா? உள்பக்கம் துத்தநாகம் பூசின டேங்க்ல டீசல் ஊத்துனா சோப்பு மாதிரி படிஞ்சு ஃபில்டரை அடைக்கும். ரிட்டர்ன் லைன் தனியா வேணும். ஃபில்டர்ல காத்து எடுக்கற ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பு அடிச்சு, குமிழி நின்னப்புறம் தான் ஸ்டார்ட்டர். பெட்ரோலுக்கு இருந்த சின்ன பேட்டரி இந்தக் கம்ப்ரஷனுக்கு முனகும்.

மண்டபம் போட் மெக்கானிக்:
இதை நான் சொல்லியிருந்தா "படகு" ம்பாரு.

அரிச்சல்முனை:
நீங்க படகுக்கு வர்ற வரி கழிச்ச டீசலை ஊத்தச் சொல்வீங்கண்ணே, அதான்.

மண்டபம் போட் மெக்கானிக்:
வார்த்தையை அளந்து பேசு தம்பி.

லேத்துக்காரன்:
யாருக்கும் சந்தேகம் இருந்தா ஆக்ஸிலைப் பிரிக்க வேணாம். டிரான்ஸ்ஃபரை நியூட்ரல்ல வெச்சு, பின்பக்கம் ஜாக்கி போட்டு, ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுத்து சுத்துங்க. புரொப்பல்லர் ஷாஃப்ட்ல (ஆக்ஸிலுக்குப் போற நீளத் தண்டு) சுண்ணாம்புக் கோடு போட்டு அது எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க. அஞ்சேகாலே அரைக்கால் வந்தா 43. நாலேமுக்காலே அரைக்கால் வந்தா 39. எண்ணிட்டு வந்து பேசுங்க.

அரிச்சல்முனை:
எண்ணியாச்சு. அஞ்சேகாலே அரைக்கால். அப்படியே இருக்கட்டும்.

தேவிபட்டினம் புதுசு:
அண்ணே, அடாப்டர் பிளேட்டுக்கு எத்தனை எம்.எம். தகடு வாங்கணும்?

லேத்துக்காரன்:
16. ஆனா கிரவுனை முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க.

அரிச்சல்முனை:
தம்பி, தகடு மட்டும் வாங்குங்க.