மறுமொழி: ‘செக் அவுட்’, ‘செக் இன்’ – கையேற்பு, கையளிப்பு?

அனைவருக்கும் வணக்கம்.

> வடிவமைப்புக் கோப்புகளை மேலாளும் மென்பொருளைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேடு எழுதுகிறேன். ‘செக் அவுட்’டுக்கு ‘வெளியெடு’, ‘செக் இன்’னுக்கு ‘உள்ளிடு’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

ஐயா, குழுவின் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியத்திலிருந்து ஒன்றைத் திருத்த எடுத்துக்கொள்வது ‘செக் அவுட்’, திருத்தியதைத் திருப்பிச் சேர்ப்பது ‘செக் இன்’. ‘உள்ளிடு’ விசைப்பலகையில் தட்டுவதற்கு நிலைத்துவிட்டது. அதை இன்னொரு வேலைக்கு இழுக்க வேண்டாம். ‘வெளியெடு’ என்றால் கோப்பே களஞ்சியத்தை விட்டுப் போய்விடுகிறது என்று படிப்பவர் நினைப்பார். மூலக் கோப்பு அங்கேதான் இருக்கிறது. மற்றவர்கள் திறந்து பார்க்கலாம், அளவெடுக்கலாம். ஒருவர் கைக்குப் போவது திருத்தும் உரிமை மட்டுமே.

இந்த ஒரு சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிரல் எழுதுபவர்கள் இருவர் ஒரே கோப்பில் கை வைத்தால், பெரும்பாலும் வரிவரியாக ஒப்பிட்டு இணைத்துவிடலாம். முப்பரிமாண மாதிரிகள் பெரும்பாலும் இருமக் கோப்புகள், வரிகளாகப் படிக்க முடியாதவை. அப்படி இணைக்க வழியில்லை. கடைசியாகச் சேமித்தவருடையது நிற்கும், முன்னவர் உழைப்பு போகும். நான் இருந்த குழுவில் எல்லாம் ஒரே பொதுக் கோப்புறையில் கிடந்தன. ஒரு கியர்பெட்டி உறையை ஒரே பிற்பகலில் இருவர் திறந்தோம். நான் துளைகளை நகர்த்தினேன். அவர் சுவரின் தடிமனைக் கூட்டினார். என் துளைகள் பழைய இடத்திலேயே இருப்பதை அச்சிட்ட வரைபடத்தில்தான் கண்டோம்.

சகோதரி ஒருவர் முன்மொழிந்த ‘இரவல்’ அழகான சொல், நூலக வழக்கோடும் ஒட்டுகிறது. ஆனால் இரவல் போன நூல் போனபடியே திரும்பும். இங்கே திரும்பி வருவது மாறிய கோப்பு. அது வந்து சேரும்போது புதிய பதிப்பு ஒன்று பிறக்கிறது.

‘பூட்டு’ போதும் என்றவருக்கு: அது வேறு செயலுக்குத் தேவைப்படும். நிரலர்களின் பதிப்பு மேலாண்மை மென்பொருளான கிட்டுக்கு, பெரிய கோப்புகளுக்காக எல்எஃப்எஸ் என்ற நீட்டிப்பு உண்டு. அதில் பூட்டுவது தனி, மாற்றத்தை அனுப்புவது தனி. பூட்டைத் திறந்தால் எதுவும் களஞ்சியத்துக்குப் போய்ச் சேராது. இன்னொரு சிக்கல், ‘செக் அவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லே இடத்துக்கிடம் பொருள் மாறுகிறது. கிட் வகையைச் சேர்ந்த இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷனில் அது களஞ்சியத்திலிருந்து நம் கணினிக்கு வேலைநகல் கொண்டுவருவது. கிட்டில் பெரும்பாலும் கிளை மாறுவது, அதாவது இணையாக நடக்கும் இன்னொரு வேலைவரிசைக்குப் போவது. ஒலிபெயர்த்து வைத்தால் அந்தக் குழப்பமும் கூடவே வரும்.

என் முன்மொழிவு: கையேற்பு, கையளிப்பு. கையளித்தல் ஈழத்து எழுத்தில் அன்றாடம் புழங்கும் சொல். தமிழகத்தாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “உறையை யார் கையேற்றிருக்கிறார்?” “காலையிலேயே கையளித்துவிட்டேனே.” “இன்னும் கையேற்பில்தான் காட்டுகிறது.” வினை, பெயர், நிலை மூன்றுக்கும் வளைகிறது, பொத்தானிலும் அடங்கும்.

கையேட்டில் விலைப் பேச்சுக்கு முன்னால் இதை வையுங்கள்: ஒருவர் கையேற்ற கோப்பை மற்றவர் திருத்த முடியாதபடி மென்பொருள் தடுக்கிறதா? உரிமக் கட்டணமே இல்லாத சப்வெர்ஷனில்கூட, ‘பூட்டு தேவை’ என்ற பண்பைக் கோப்புக்குக் கொடுத்தால், பூட்டும்வரை அது படிக்க மட்டுமே கிடைக்கும். ஆனால் ஒரு பாகத்தின் பெயரை மாற்றினால் பல பாகங்களைச் சேர்த்துக் காட்டும் எந்தெந்தத் தொகுப்புகளில் இணைப்பு அறுந்துபோகும் என்பது அதற்குத் தெரியாது. வடிவமைப்புக்கென்றே செய்த மென்பொருளுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த அறிவுக்குத்தான். ஏற்கெனவே வாங்கிய உரிமத்துக்குள் அது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளின் புரொஃபஷனல், பிரீமியம் உரிமங்களோடு, கோப்புகளை மேலாளும் பிடிஎம் ஸ்டாண்டர்ட் சேர்ந்தே வருகிறது. இணையவழிச் சேவை என்றால், கோப்புகளை வரலாற்றோடு வெளியே எடுக்க முடியுமா என்று கேட்காமல் சேரக் கூடாது. அப்படியொரு சேவையான கிராப்கேட் வொர்க்பெஞ்ச் 2023இல் மூடப்பட்டதை நினைவில் வையுங்கள்.

‘வெர்ஷன்’, ‘ரிவிஷன்’ இரண்டையும் வரைவில் ‘பதிப்பு’ என்றே எழுதியிருக்கிறீர்கள். பிரித்தாக வேண்டும். ஒவ்வொரு கையளிப்பிலும் தானாகக் கூடும் எண் பதிப்பு. ஒப்புதல் பெற்றுப் பட்டறைக்குப் போகும்போது வரைபடத்தில் ஏறும் ஏ, பி, சி என்ற எழுத்து திருத்தநிலை. பதினேழாம் பதிப்பு இன்னும் ஏ திருத்தநிலையிலேயே இருக்கலாம்.

கையேற்றபின் எதையும் மாற்றாமலோ, மாற்றியது வேண்டாமென்றோ உரிமையைத் திருப்பித் தருவதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘கைவிடல்’ என்று வைக்கலாம். கையேற்பு, கையளிப்பு, கைவிடல் என்று மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும். அந்தப் பொத்தானை அழுத்தினால் செய்த மாற்றம் போய்விடும் என்ற எச்சரிக்கையும் சொல்லிலேயே இருக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.