காப்புநகல்: இணையத்திலா, வெளி வன்தட்டிலா?

யாழி:
என் கணினியில் ஏறத்தாழ 600 ஜிபி அளவுக்குப் புகைப்படங்களும் ஆவணங்களும் சேர்ந்துவிட்டன. காப்புநகலுக்கு வெளி வன்தட்டு வாங்குவதா, சந்தா செலுத்தி இணையச் சேமிப்பகத்தில் வைப்பதா?

செம்பருதி:
வன்தட்டே போதும். பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 600 ஜிபி முழுவதும் ஏறி முடிய, இணைப்பு இடைவிடாமல் ஓடினாலும் ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் வன்தட்டு அதே வேலையை ஒரு மணி நாற்பது நிமிடங்களில் முடித்துவிடும். இணையத்தில் இருப்பதாலேயே பாதுகாப்பு என்றும் ஆகிவிடாது. 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, தரவுகளை மீட்கவே முடியாமல் இழந்த வாடிக்கையாளர்கள் உண்டு.

இரவாடி:
அந்த மூன்று நாள் முதல் முறைக்கு மட்டுமே. அதன்பின் புதியவையும் மாறியவையுமே ஏறுகின்றன. தரவு மையத்தில் பற்றிய தீ உங்கள் மேசையில் பற்றாதா? கணினியும் வன்தட்டும் ஒரே அறையில் இருந்தால், தீயோ திருட்டோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை போன்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள், கணினியில் செருகியிருக்கும் வன்தட்டின் கோப்புகளையும் பூட்டிவிடக்கூடியவை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன்: கணினி பழுதான நாளில் என் வன்தட்டு நன்றாகவே இருந்தது; அதில் இருந்த நகலுக்குத்தான் பதினொரு மாத வயது. தானாக நடக்காத காப்புநகலை நான் இப்போது நம்புவதில்லை.

செம்பருதி:
நகல் எடுத்ததும் வன்தட்டைக் கழற்றி வேறிடத்தில் வைத்தால் தீநிரலும் தீயும் அதைத் தொடா. உங்கள் மறதிக்கு வன்தட்டு என்ன செய்யும்? மேலும், பலர் இணையக் காப்புநகல் என்று நம்பியிருப்பது வெறும் ஒத்திசைவு (sync). கணினியில் அழித்த கோப்பு இணையத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள்களே இருக்கும்.

இரவாடி:
ஒத்திசைவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பழைய பதிப்புகளை நீண்ட காலம் வைத்திருக்கும் காப்புநகல் சேவையைத்தான் தேர வேண்டும். கழற்றி வேறிடத்தில் வைப்பதை மட்டும் ஏற்க இயலவில்லை, ஏனெனில் எட்டத்தில் இருக்கும் வன்தட்டை எடுத்துவந்து புதுப்பிக்கும் வேலை முதல் இரண்டு மாதங்களுக்குமேல் எவரிடமும் நிலைப்பதை நான் கண்டதில்லை.

யாழி:
இருவர் சொன்னதையும் வைத்துக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தேன். மறுபடி பெறவே முடியாதவை 40 ஜிபிதான். அவற்றைக் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி கணினியிலேயே மறையாக்கம் செய்து இணையத்துக்கு அனுப்பிவிட்டேன். எல்லாவற்றுக்குமான நகல் வன்தட்டில் இருக்கிறது. சோதனைக்காக ஒரு கோப்புறையை மீட்டபோது படங்கள் திறந்தன. தேதி மட்டும் எல்லாவற்றிலும் இன்றையதாகக் காட்டுகிறது. இது இழப்பா?

செம்பருதி:
இல்லை. நீங்கள் பார்ப்பது, மீட்டபோது கோப்பு புதிதாக உருவான தேதி. கேமரா பதிந்த தேதி படத்துக்குள்ளேயே எக்சிஃப் தகவலாக இருக்கும். அதைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள்.

இரவாடி:
மறையாக்கத்தின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கணினிக்கு அப்பால் வையுங்கள், யாழி. அது தொலைந்தால் சேவை நிறுவனத்தாலும் திறந்து தர இயலாது.