கோபி மஞ்சூரியனில் அஜினமோட்டோ: கர்ப்பிணி சாப்பிடலாமா?

அல்சூர்_ராணி:
அண்ணிக்கு அஞ்சாம் மாசம். சாயங்காலம் ஆனா தள்ளுவண்டி கோபி கேக்குறாங்க. அஜினமோட்டோ சேர்ந்தா கரு தங்காது, ஆம்பளைக்கு விந்தணு குறையும்னு வாட்ஸ்அப்ல ஓடுது. எவ்வளவு வரைக்கும் பரவாயில்ல? பாக்கெட்ல எதைப் பாத்து வாங்கணும்?

லேப்கோட்:
இந்தப் பேச்சுக்கு மூலம் 1969-ல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனை. பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு அஜினமோட்டோவைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார், எடையில் கிலோவுக்கு 4 கிராம் வரை. மூளையில் ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதியில் செல்கள் செத்தன. பெண் எலிகள் வளர்ந்தும் சினைப்படவில்லை. 60 கிலோ ஆளுக்கு அந்தக் கணக்கு 240 கிராம்! விந்தணுக் கதையும் பெரும்பாலும் எலிகளுக்கு அளவு மீறிக் கொடுத்ததில் வந்ததுதான். அஜினமோட்டோ என்பது குளூட்டமேட்டின் சோடியம் உப்பு; நாம் சாப்பிடும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரித்துவிடும். மிச்சமும் நஞ்சுக்கொடியை லேசில் தாண்டாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் வைத்த வரம்பு, நாளைக்குக் கிலோவுக்கு 30 மி.கி. குளூட்டமிக் அமிலம். 60 கிலோவுக்கு 1.8 கிராம், அஜினமோட்டோவாக ஏறக்குறைய 2.3 கிராம், அரை டீஸ்பூன் சுமார். வீட்டில் நாலு பேருக்குக் கால் டீஸ்பூன் போட்டால் அதன் பக்கமே போகாது. வண்டியில் கரண்டி நுனியால் அள்ளிப் போடுவதற்கு ஏது அளவு?

மடிவாளா_மாமி:
என்னைக் கேட்டா பயப்பட வேண்டியது அந்த வெள்ளைப் பொடிக்கு இல்லம்மா, சிவப்புக்கு. கோபி மஞ்சூரியன்ல செயற்கை நிறம் கூடாதுன்னு கர்நாடக அரசு 2024 மார்ச்லயே தடை போட்டாச்சு. ஒரு துண்டை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணில போடு. மிளகாய் நிறம் எண்ணெயோட மேல மிதக்கும், சோயா சாஸ் பழுப்பா இறங்கும். தண்ணியே ரோஸ் கலரா மாறினா சாயம்தான், தொடாதே.

அடுத்தது உப்பு. அஜினமோட்டோல சோடியம் 12 சதவீதம், சாப்பாட்டு உப்புல 39. ஆனா ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸே கிட்டத்தட்ட 900 மி.கி. சோடியம் தரும். ஒரு நாளைக்கே 2,000-க்குள்ள இருக்கணும். பிரஷர் இருந்தா கோபியை விட்டுடச் சொல்லு.

அல்சூர்_ராணி:
பிரஷர் நார்மல்தான் மாமி. பாக்கெட்டுக்கு?

லேப்கோட்:
பாக்கெட்டில் சேர்பொருள் பட்டியலைப் பாருங்கள்: 621 என்ற எண்தான் அஜினமோட்டோ. அது இல்லாமல் 627, 631, 635 இருந்தால் அவையும் சுவைகூட்டிகளே. 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்றிருந்தால் அதிலும் குளூட்டமேட் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டாம் என்று அச்சிட்டிருப்பது கைக்குழந்தைக்குத்தான், கர்ப்பிணிக்கு அல்ல. எண்ணைவிட முக்கியம், சத்துப் பட்டியலில் சோடியம் அளவு. அது 100 கிராமுக்கா, ஒரு வேளைக்கா என்று பாருங்கள்; பல பாக்கெட்டில் 'ஒரு வேளை' என்பது அரைப் பாக்கெட்தான்.