டேவிட் ஹோ புதிய மருந்து கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஏன் இவ்வளவு புகழ்?

கேள்வி: மருத்துவம் முடித்து ஆய்வுக்குச் செல்ல விரும்புகிறேன். எச்.ஐ.வி. சிகிச்சையில் டேவிட் ஹோவின் பங்கு உண்மையில் என்ன என்பதை யாராவது விளக்க இயலுமா?

பதில் 1: தைவானில் பிறந்த ஹோ, லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, 1981இல் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் சிலரை நேரில் பார்த்தவர். அறிகுறியற்ற ஆண்டுகளில் வைரஸ் ஏறக்குறைய உறங்குகிறது என்றே அன்று பலரும் எண்ணினர். அவருடைய குழு 20 நோயாளிகளுக்கு, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் ரிட்டோனாவிர் என்ற மருந்தைக் கொடுத்து, இரத்தத்தில் வைரஸ் அளவைத் தொடர்ந்து அளந்தபோது, ஏறத்தாழ இரண்டு நாளுக்கொரு முறை அது பாதியாகச் சரிவது தெரிந்தது. மருந்துக்கு முன் அளவு மாறாமல் இருந்ததென்றால், அழியும் அதே வேகத்தில் வைரஸ் நாள்தோறும் பெருகிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்! கணக்கு எளியது, கேட்கத் தோன்றியதுதான் பெரிது.

பதில் 2: ஹோ குழுவின் இந்த ஆய்வு 1995இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது; அதே வெளியீட்டில் ஜார்ஜ் ஷா என்ற ஆய்வாளரின் குழுவும் இதே முடிவை வெளியிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1996இல் 'டைம்' இதழ் ஹோவை மட்டும் ஆண்டின் மனிதராக்கியது.

பதில் 3: இவ்வளவு வேகமாகப் பெருகும் வைரஸ் ஒற்றை மருந்தை எளிதில் எதிர்த்துவிடும் என்பதால், கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு இந்த ஆய்வு வலுவான அடிப்படை ஆயிற்று. ஆனால் சில ஆண்டுகளில் வைரஸை முற்றிலும் ஒழிக்கலாம் என்ற ஹோவின் நம்பிக்கை பலிக்கவில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஓய்வுநிலை நினைவுச் செல்களில் வைரஸ் ஒளிந்திருப்பதை ராபர்ட் சிலிசியானோ போன்றோர் 1997இல் காட்டினர். சிலிசியானோவும் மருத்துவ ஆய்வாளரே. அவருடைய பணியையும் படியுங்கள்.