சீனக்குடாவில வேலை செய்த பூட்டன்ர ஊரையும் செத்த நாளையும் எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்?

சீனக்குடாப் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பப்பான்ர அப்பாவைப் பற்றித் தேடுறன். எண்ணெய்த் தாங்கி கட்டுற காலத்தில யாழ்ப்பாணத்தில இருந்து வேலைக்கு வந்து, திருகோணமலைச் சீனக்குடாவில பத்தை வெட்டிக் கொட்டில் போட்டு இருந்தவராம், வீட்டில அவ்வளவுதான் தெரியும். எந்த ஊர் எண்டு கேட்டா பெரியப்பா காரைதீவு எண்டுறார், காரைதீவு அம்பாறையில எல்லோ கிடக்கு, அப்ப யாழ்ப்பாணக் கதை பிழையோ எண்டு குழப்பமா இருக்கு. சாவும் அப்பிடித்தான், யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்குப் போனவர் எண்டு பெரியப்பா, இல்ல மலேரியாக் காய்ச்சல் எண்டு மாமி.

90 இல இடம்பெயரேக்க காணி உறுதி, படம் எல்லாம் போயிட்டுது. போன மாசம் மாமின்ர பழைய தேவாரப் புத்தகத்துக்குள்ள நாலா மடிச்ச ஒரு தாள் கிடைச்சுது, செத்து 31ஆம் நாள் காரியத்துக்கு அடிச்ச கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகத்தின்ர ஒரு பக்கம். தாள் தேயிலைச் சாயம் மாதிரி பழுத்து, விரிக்கவே மடிப்பு உடையுது. செத்த நாளைச் சொல்லுற திதி வெண்பாவில விசு வருடம், பங்குனி, அபரபக்கம் வரைக்கும் வாசிக்கலாம், திதி வாற இடத்தைப் பூச்சி அரிச்சிட்டுது. ஒரு கந்தோரில கேட்டனான், ஆங்கில வருசமும் திகதியும் இல்லாமத் தேட ஏலாது எண்டு அனுப்பிட்டினம். இந்தத் தாளை வச்சு ஏதும் செய்யலாமோ?

உவர்மலை மாஸ்டர்:
பிள்ளை, அந்தத் தாளை இனி மடிக்காதேங்கோ, முதல்ல ரெண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கோ. உங்களிட்ட வருசம் இருக்கு. தமிழ் வருசம் 60 தான், திரும்பத் திரும்ப வரும். விசு 1941 சித்திரையில பிறந்து 1942 சித்திரைக்கு முதல் நாளோட முடிஞ்சது, அதுக்கு முந்தின விசு 1881, பிந்தினது 2001, உங்கட பூட்டனுக்கு ரெண்டும் சரிவராது. ஆக விசு வருசப் பங்குனி எண்டா 1942 மார்ச் நடுப்பகுதியில இருந்து ஏப்ரல் 13 வரை.

அபரபக்கம் எண்டா தேய்பிறை. அந்தப் பங்குனியில பௌர்ணமி ஏப்ரல் 1ஆம் திகதி, அதால ஏப்ரல் 2 தொடக்கம் மாசம் முடியிற வரைக்கும் தேய்பிறை. பங்குனி பிறந்த கையோட அமாவாசை வரைக்கும் ரெண்டு மூண்டு நாளும் தேய்பிறைதான், அதையும் விடக்கூடாது. யப்பான் விமானங்கள் திருகோணமலைக்கு வந்தது ஏப்ரல் 9 காலமை. பெரியப்பா சொன்ன கதை இந்த இடைவெளிக்குள்ள வருது, ஆனா அதோட முடிவு கட்டாதேங்கோ, மலேரியாவும் அந்தக் காலத்தில இந்தப் பக்கம் எத்தினையோ பேரைக் கொண்டு போனது. மரணப் பதிவில காரணம் எழுதியிருப்பினம், அதைப் பாத்துத்தான் மாமியா பெரியப்பாவா எண்டு சொல்லலாம்.

பாலையூற்றான்:
தங்கச்சி, அண்டைக்கு ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியில போய் விழுந்து ஏழு நாள் எரிஞ்சது, 91ஆம் நம்பர் தாங்கி. துறைமுகத்துக்குள்ள சகாயிங் எண்ட கப்பலும் குண்டு பட்டு எரிஞ்சது, விமானத் தளத்திலயும் குண்டு விழுந்தது. நான் பெடியனா இருக்கேக்க அந்தத் தாங்கியைப் போய்ப் பாத்திருக்கிறன், சுத்திவர மரம் வளந்து நடுவில இரும்பு தகடு தகடா மடிஞ்சு சரிஞ்சு கிடந்தது, மெழுகுதிரி உருகின மாதிரி, அதைத் தொட்டுப் பாத்தது இண்டைக்கும் கையில நிக்குது.

ஊர் விசயத்துக்கு ஒண்டு சொல்லுறன், பதிவுக் கந்தோருக்குப் போக முதல் வீட்டிலயே பாருங்கோ. உங்கட அப்பான்ர பிறப்புப் பத்திரம் இருக்கோ? சுருக்கம் இல்ல, முழுப் பத்திரம். அதில பாட்டனார் இலங்கையில பிறந்திருந்தா அவற்ற பேர், பிறந்த வருசம், பிறந்த இடம் எண்டு ஒரு கூடு, அதான் கட்டம், இருக்கும். 1948 பிரசாவுரிமைச் சட்டத்தில தகப்பன் வழியைக் காட்டவேண்டி வந்தது, அந்தக் கூடு அதோட சேர்ந்தது. எத்தினை சனத்தை நாடில்லாம ஆக்கின சட்டம், நினைக்க வயிறு எரியும், ஆனா எங்கட பூட்டன்மாரின்ர பேர் கடதாசியில நிக்கிறதுக்கும் அந்தக் கூடுதான் காரணம். அப்பாக்குப் பாட்டன்தானே உங்களுக்குப் பூட்டன்.

சீனக்குடாப் பேத்தி:
அண்ணா, கை நடுங்குது. அப்பான்ர பத்திரம் அலுமாரிக்குள்ளயே இருந்தது, பாஸ்போட் எடுக்க, வேலைக்குப் போட எண்டு எத்தினை தரம் கொப்பி அடிச்சிருப்பம், ஒருத்தரும் அந்தக் கூட்டை வாசிக்கேல்ல. பேர் முழுசா இருக்கு, தகப்பன்ர பேரோட. பிறந்த வருசம் 1903. இடம் காரைதீவு, அதுக்குப் பக்கத்தில சின்னனா யாழ்ப்பாணம் எண்டு போட்டிருக்கு. யாழ்ப்பாணத்திலயும் காரைதீவு இருக்கோ?

உவர்மலை மாஸ்டர்:
இருந்தது பிள்ளை. இப்ப காரைநகர் எண்டுற ஊர்தான். 1923 வரைக்கும் அதுக்குப் பேர் காரைதீவு, கிழக்கில இருக்கிற காரைதீவோட குழம்புது எண்டுதான் மாத்தினது. 1903 இல பிறந்த மனுசன் தன்ர ஊரைப் பழைய பேரிலதான் சொல்லியிருப்பார், பிள்ளைகளும் அப்பிடியே சொல்லிக்கொண்டு வந்திருக்குதுகள். பெரியப்பா சொன்னது பிழையில்ல.

இனி ரெண்டு வேலை. நூலகம் இணையத்தளத்தில நினைவு மலர் நிறைய ஏத்தி வச்சிருக்கினம், காரைநகர் மலர்களைத் தகப்பன்ர பேரை வச்சுப் பாருங்கோ, சகோதரங்கள் ஆருக்கும் அடிச்சதில வம்சம் கிடந்தாலும் கிடக்கும். கணபதிப்பிள்ளையைக் கணவதிப்பிள்ளை எண்டும் கணவதி எண்டும் எழுதின காலம், எல்லா விதமாயும் தேடுங்கோ. மற்றது பிரதேச செயலகத்தில இருக்கிற பதிவுக் கந்தோர். செத்த இடத்துப் பிரிவிலதான் மரணம் பதிஞ்சிருக்கும், பட்டணப் பிரிவில இல்லையெண்டா தம்பலகாமப்பற்றையும் பாக்கச் சொல்லுங்கோ. விண்ணப்பத்தில 1942 மார்ச் 14 தொடக்கம் ஏப்ரல் 13 வரை எண்டு எழுதிக் குடுங்கோ, பேரைத் தமிழிலயும் இங்கிலீசிலயும் போடுங்கோ. பதிவு கிடைச்சா காரணம் எண்ட இடத்தில என்ன எழுதியிருக்கு எண்டு இங்க வந்து சொல்லுங்கோ, நானும் பாத்துக்கொண்டு இருப்பன்.