மறு: உலர்மிளகாய்ச் சாஸ், குக்கர் முறை – கலைச்சொல் பரிந்துரை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மெக்சிகோ நாட்டு உலர்மிளகாய்ச் சாஸைக் குக்கரில் செய்யும் முறைக்கு 'அழுத்தக் கொதிகலன் மிளகாய்ச் சாறு' என்று தாங்கள் முன்வைத்த சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கொதிகலன் என்றவுடன் ஈரோட்டுச் சாயப்பட்டறைக்காரருக்கு நினைவுக்கு வருவது பாய்லர்தான். 'சாறு' இன்னும் சிக்கல். எங்கள் கொங்குப் பக்கத்தில் கொள்ளுச்சாறு, கறிச்சாறு என்பவை சோற்றில் ஊற்றிப் பிசைகிற அளவுக்கு நீர்த்தவை. நாம் பேசும் பொருளோ கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும், அதன்மேல் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாது.

ஆஞ்சோ, குவாஹியோ போன்ற மிளகாய்களின் காம்பையும் விதையையும் நீக்கி, வெறும் சட்டியில் மணம் வரப் புரட்டி, வதக்கிய வெங்காயம், பூண்டு, சீரகம் ஆகியவற்றோடு தண்ணீர் சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, அதன் பின்னரே அரைத்து வடிகட்டுகிறார்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் நீர் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. வெந்நீரில் ஊறவைத்து அரைத்தாலும் திப்பி திப்பியாக நிற்கும் தடித்த தோல், இந்தச் சூட்டில் சில நிமிடங்களிலேயே மசியும் பதத்துக்கு வந்துவிடுகிறது. தொக்கு எண்ணெயில் சுண்டுவது, இது தண்ணீரில் வெந்து அரைபடுவது. ஆகவே 'மிளகாய்த் தொக்கு' என்ற பரிந்துரையும் பொருந்தவில்லை. 'காரச்சாந்து' என்பதில் பின்பாதி சரி, முன்பாதி தவறு. பொப்லானோ மிளகாய் காய்ந்தால் கிடைக்கும் ஆஞ்சோவில் காரம் குறைவு, நிறமும் மணமுமே அதன் சிறப்பு. (அதே அளவுக்கு நம் குண்டுமிளகாயைப் போட்டால் வாயில் வைக்க முடியாது; காரம் குறைந்த கர்நாடகத்துப் பியாடகி மிளகாய் ஓரளவு ஒத்துவரும்.)

எனவே 'வரமிளகாய்ச் சாந்து' என்பது என் பரிந்துரை. காய்ந்த மிளகாயைக் கொங்கில் வரமிளகாய் என்பதால், இது வட்டார வழக்கு என்ற மறுப்பு வரலாம். 'மிளகாய் வற்றல்' என்றால் மோர்மிளகாயையும் நினைப்பவர்கள் உண்டு. 'வரமிளகாய்' என்பதில் அந்த ஐயம் இல்லை, பள்ளிபாளையம் சிக்கன் செய்முறை வழியாக அச்சொல் கொங்கு எல்லையைத் தாண்டியும் போய்விட்டது. 'வறள்' என்பதோடு உறவுடையது ஆதலால் றகரம் இட வேண்டும் என்பாரும் இருப்பர். ஆனால் வரக்காப்பியை (பால் சேர்க்காத காப்பி) போலவே இதுவும் ரகரத்தில் நிலைத்துவிட்டதால் வழக்கையே பின்பற்றலாம்.

குக்கரில் வேகவைக்கும் முறையைக் குறிக்க 'அழுத்த வேவு' சுருக்கமானதே, எனினும் வேவு பார்ப்பதை நினைவூட்டுகிறது. 'அழுத்த வேக்காடு' நன்று. 'அரைவேக்காடு' வசையாகிப் போனாலும் அடுப்படியில் வேக்காடு இன்னும் அளவுச் சொல்தான். குக்கருக்கும் விசிலுக்கும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. 'அழுத்த அடுகலனில் மூன்று சீழ்க்கை' என்று எழுதினால் சமைப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஆவி அடங்குமுன் வெயிட்டைத் தூக்கினால் மிளகாய் நெடி கமறி வீடே இருமும் என்பதால், இந்தச் செய்முறையில் குக்கரைத் தானாக அடங்க விடுவது முக்கியமான படி. அதை 'ஆவியடங்கல்' என்று பதிவு செய்யலாமா? மாற்றுச் சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.