லோட்டஸ் எஸ்பிரிட் டர்போ எஸ்.இ: சாதாரண கார் பார்ட்ஸ் எது பொருந்தும், எது கவிழ்க்கும்?

சாவிக்கொத்து:
என்னிடம் இருப்பது 1990 மாடல் லோட்டஸ் எஸ்பிரிட் டர்போ எஸ்.இ., பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மேப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), டெயில் லைட், சார்ஜ்கூலர் பம்ப் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவது) மூன்றும் மாற்றவேண்டும். லோட்டஸ் பெட்டியில் வருவதில் பாதி வேறு கம்பெனி சரக்குதான் என்கிறார்கள். எது நிஜமாகவே ஒன்று, எது பார்வைக்கு மட்டும் ஒன்று?

ஓம்மீட்டர்:
மேப் சென்சாரில்தான் ஆபத்து அதிகம், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரின் இசியூவும் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) சென்சார்களும் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ குடும்பம். வேண்டியது 2 பார் சென்சார், அதாவது 2 பார் அழுத்தம்வரை அளப்பது. ஆனால் 1 பாரும் 3 பாரும் கிட்டத்தட்ட அதே உடம்பில்தான் வரும், பழைய பார்ட்ஸ் கடையில் மூன்றும் ஒரே டப்பாவில் கிடக்கும்.

வாங்கியதும் இப்படிச் சோதியுங்கள்: இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப், ஹோஸ் கழற்றியிருக்கட்டும். சிக்னல் வயருக்கும் சென்சார் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். கடல்மட்டத்தில் 1 பார் என்றால் சுமார் 4.8 வோல்ட், 2 பார் 2.3–2.4, 3 பார் 1.6 காட்டும். மலைமேல் கொஞ்சம் குறையும்.

1 பார் மாட்டினால் பெட்ரோல் அதிகமாகி கரும்புகை வரும், உடனே தெரிந்துவிடும். 3 பார்தான் மோசம். மேனிஃபோல்டில் (காற்று என்ஜினுக்குள் நுழையும் குழாய்) 165 கிலோபாஸ்கல், அதாவது 1.65 பார் இருக்கும்போது இசியூவுக்கு 112 மாதிரிதான் தெரியும். பெட்ரோலைக் குறைக்கும், லோடு குறைவு என்று நம்பி ஸ்பார்க்கையும் முன்னாடி தள்ளும். சும்மா ஓட்டும்போது காட்டிக்கொடுக்காது. டர்போ முழு அழுத்தம் தரும்போது நாக் அடித்து (பெட்ரோல் நேரம் தவறி வெடித்து) பிஸ்டன் போகும். இசியூவின் சிப் அதற்கென்றே எழுதப்படாமல் 3 பாரைத் தொடாதீர்கள்.

கூலன்ட் சென்சார் அவ்வளவு வம்பில்லை: 25 டிகிரியில் சுமார் 2800 ஓம், கொதிக்கிற தண்ணீரில் 180 ஓம் பக்கம் வந்தால் சரி.

மட்கார்டு:
டெயில் லைட் டொயோட்டா ஏஇ86 லெவின் கூப்பேயோடது. ஆனா லாபம்னு நினைக்காதீங்க, அந்தக் காருக்கே இப்போ ரசிகர் கூட்டம், நல்ல ஜோடி மலிவா கிடைக்காது. வாங்கும்போது லென்ஸ் விளிம்புல மயிரிழை விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பின்னாடி பல்பு ஹோல்டர்ல பச்சை பிடிச்சிருந்தா கிரவுண்ட் போய், பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலா எரியும். பழைய கேஸ்கெட்டை எடுத்துட்டு புதுசு போடுங்க, இல்லேன்னா தண்ணி உள்ளே இறங்கும். சைடு மிரர் சித்ரோயன் சிஎக்ஸ்.

இதுல கேவலம் ஒண்ணுமில்ல. ஜாகுவார் எக்ஸ்ஜே220-ல ரோவர் 200 டெயில் லைட்தான். 1999-க்கு அப்புறம் வந்த லம்போர்கினி டையப்லோல நிஸான் 300இசட்எக்ஸ் ஹெட்லைட். அதுல மட்டும் ஒரு எச்சரிக்கை: ஜப்பான் ஹெட்லைட்ல லோ பீம் இடதுபக்கம் ஏறும். ஜெர்மனி மாதிரி வலப்பக்கம் ஓட்டுற நாட்டுல அப்படியே போட்டா எதிர்ல வர்றவங்க கண்ணு கூசும்.

பிஸ்டன்:
சார்ஜ்கூலர் பம்ப்: ஒரிஜினல் மெக்கானிக்கல் பம்பில் இம்பெல்லர் தேய்ந்து நின்றுவிடும், டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது; வெயிலில் பவர் குறைவது ஒன்றுதான் அறிகுறி. பலரும் போடுவது போஷ் 12 வோல்ட் எலெக்ட்ரிக் சர்க்குலேஷன் பம்ப். அது தானாகத் தண்ணீரை இழுக்காது, ஆகவே தண்ணீர் ஊற்றும் ஹெடர் டேங்கைவிடத் தாழ்வாகப் பொருத்தவேண்டும். ரிலேயின் பின்களில் 30-க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87 பம்புக்கு, 86 இக்னிஷன், 85 கிரவுண்ட். நிரப்பியபின் உயரமான ஹோஸ் இணைப்பைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பம்பை ஓட்டுங்கள். காற்று சிக்கினால் பம்ப் சத்தம் வரும், தண்ணீர் நகராது.

சாவிக்கொத்து:
நன்றி. கியர்பாக்ஸ் ரெனோவாமே? ரெனோவின் ஆல்பைன் ஜிடிஏ காரின் பாக்ஸ் ஒன்று மலிவாக வருகிறது, முழுசாகத் தூக்கிப் போடலாமா?

பிஸ்டன்:
வேண்டாம். இரண்டும் ரெனோவின் யுஎன்1 வகை கியர்பாக்ஸ்தான், ஆனால் ஜிடிஏவில் என்ஜின் பின் அச்சுக்குப் பின்னால், எஸ்பிரிட்டில் முன்னால். அதனால் கிரவுன் வீல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைத் திருப்பும் பெரிய பல்சக்கரம்) எதிர்ப்பக்கம் இருக்கும். அப்படியே மாட்டினால் ரிவர்ஸ் ஐந்து, ஃபார்வர்டு ஒன்று! என்ஜினோடு சேரும் பெல்ஹவுசிங் உறையும் ஜிடிஏவின் வி6 என்ஜினுக்கானது. பேரிங், சீல், சிங்க்ரோ வளையத்துக்கு மட்டும் ரெனோ பார்ட்ஸ் தேடுங்கள். கியர் சக்கரம் வாங்குவதானால் பற்களை எண்ணி உங்களுடையதோடு ஒப்பிட்டபின் காசு கொடுங்கள். சீலில் அளவு ஒன்றானாலும் ரப்பரைக் கேளுங்கள்: சாதாரண நைட்ரைல் 100 டிகிரி பக்கம் கல்லாகிவிடும், டர்போவின் சூடு படும் இடத்தில் வைட்டான் என்ற சூடு தாங்கும் ரப்பர்தான் தாங்கும்.